தடைக்காலத்தில் பார்த்த படங்கள்

மே 16
காலையிலேயே அனல். மீன்பிடித் தடை முடிய இன்னும் ஒரு மாதம். வலை தைத்தாயிற்று. படகுக்கு பெயின்ட் அடித்தாயிற்று. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் பெண்டாட்டி கலையின் தம்பி முகிலன் பென்டிரைவில் படங்கள் ஏற்றித் தந்தான். மூன்றைப் போட்டேன். மூன்றையும் பாதியில் நிறுத்தினேன்.
கலை போன் செய்தாள். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி டூட்டி மாறிவிட்டதாம். இந்த வாரமும் வீட்டுக்கு வரமாட்டாள்.

மே 19
ஒரு மலையாளப் படம், முழுதாக. கிணறு வெட்டும் அண்ணன் தம்பி. இருவருக்கும் பேச்சு கிடையாது. கயிறு மட்டும் மேலும் கீழும். இந்த மாதத்தில் இதுதான் முதலிடம். முகிலனுக்குப் பிடிக்கவில்லை. “இன்னா மாமா, ஒரு ஃபைட்டு இல்ல, பாட்டு இல்ல. இதப் போயி ரெண்டு தடவ பாக்குற.”
தேங்காய் எண்ணெய் வாங்க மறந்தேன்.

மே 23
சிதம்பரம். பஸ்ஸில் நின்றுகொண்டே. அண்ணாமலை நகரில் கலை இன்னும் இரண்டு நர்ஸ்களோடு ரூம் எடுத்திருக்கிறாள். அங்கிருந்து நானும் அவளும் மேட்னி. தியேட்டரில் ஏசி பேருக்குத்தான். ஹைவேயில் பரோட்டா கடை நடத்தும் புருஷன் பெண்டாட்டி கதை. நன்றாகத்தான் போனது. இடைவேளையில் பாப்கார்னை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.
“மஸ்கட்ல வேல கெடச்சிடிச்சி மாமா. ரெண்டு வருஷம். அடுத்த மாசம் பாதிக்குள்ள பதில் சொல்லணும். நீ இன்னா சொல்ற?”
“அப்ளை பண்ணும்போது கேட்டியா?”
“கேட்டேன். நீ டிவி பாத்துக்கினே ‘உம்’னு சொன்ன.”
எழுந்து வந்துவிட்டேன். நேரே கடலூர் பஸ். பாதி வழியில்தான் உறைத்தது, அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பாப்கார்னும் என் கையில்.

மே 24
போன் செய்தேன். எடுத்தாள், அதுவே பெரிசு.
“மீதிப் படம் பாத்தியா?”
“பாத்தேன்.”
“கடைசில இன்னா ஆச்சி?”
“உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”
வைத்துவிட்டாள்.

மே 30
வடலூரில் சொந்தக்காரர் கல்யாணம். பார்க்கிறவர்கள் எல்லாம், “கலை வரல?” “டூட்டி.” சாம்பார் நன்றாக இருந்தது. மோர் வரும் முன்பே பந்தியிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 3
வெக்கை. கோர்ட் கதை, வெப் சீரிஸ். ஒரே மூச்சில். அதில் வரும் பெண் வக்கீல் சத்தம் போடுவதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறாள். சாட்சி நெளிகிறான். நானும் நெளிந்தேன்.

ஜூன் 7
கலை வீட்டில் விட்டுப்போன நாவல். தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தங்கை. பத்துப் பக்கம் படிப்பது, தெரு முனை வரை நடப்பது, திரும்ப வந்து படிப்பது. தங்கை வெளியூர் போனதும், அவள் மெஷினில் வேறு யாரும் உட்காரக் கூடாதென்று அக்கா அதிலேயே உட்கார்ந்து தைக்கிறாள். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை.

ஜூன் 10
முகிலன் வந்தான். டிவியை அவனே அணைத்தான்.
“மாமா, அக்கா சரியா சாப்புடறதில்லியாம். அவுங்க ரூம்ல இருக்கறவங்க சொன்னாங்க. ‘போ’ன்னாவது சொல்லு, ‘வேணா’ன்னாவது சொல்லு.”
“யோசிக்கிறேன் மச்சான்.”
“யோசிக்கிற மாரி தெரியல. படம் பாக்குற மாரிதான் தெரியுது.”


ஜூன் 13
மேகம். தடை முடியப் போகிறது, துறைமுகத்தில் படகுகளில் ஐஸ் ஏற்றுகிறார்கள். நான் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். யூனிஃபார்மோடு வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.
“போயிட்டு வா கலை. இங்க நான் பாத்துக்கறேன்.”
அவள் கண் கலங்கிவிட்டது. “போவாதன்னு சொல்லுவன்னு நெனச்சேன்.”
“சொன்னா நின்னுடுவியா?”
“நிக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கலாம்.”
ஆட்டோக்காரர்கள் பார்க்கிறார்கள். இருந்தாலும் சொன்னேன். “போவாத.”
சிரித்தாள். மூக்கைத் துடைத்தாள். அப்புறம் போனை எடுத்து, வருகிறேன் என்று மஸ்கட்டுக்கு மெசேஜ் அடித்தாள். ஒரு கையால்தான் அடித்தாள், ரொம்ப நேரம் பிடித்தது. இன்னொரு கையை நான் விடவில்லை.