சும்மா இருக்கத் தெரிந்த பிரவுசர்

இன்று காலை நம் வீட்டுக்குள் ஒரு நகைக்கடை விளம்பரம் அலறியது. பாரூக் அண்ணன் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதோ ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். செய்திக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலுமாக விளம்பரம் வந்துவிட்டது. அடுத்த அறையில் தையல் மெஷினில் இருந்த நான், யாரும் கூப்பிடாமலே எழுந்து ஓடி வந்தேன். நீங்கள் இருந்தவரை அந்த மாதிரிச் சத்தம் கேட்டாலே, “ஏம்மா, அத அமத்து, அமத்து” என்று கையைக் காற்றில் வீசுவீர்கள். இன்று நாற்காலியில் பாரூக் அண்ணன்தான் இருந்தார்.

“என்ன தங்கச்சி, பயந்துட்டியா?” என்றார்.

“இல்லண்ணே” என்றேன். அதற்குப் பிறகு மெஷினில் வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்குக் கடிதம் எதற்கு?

நீங்கள் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம் முழுக்க உங்கள் சொத்து ஒரு மொபெட்டும் ஒரு போனும்தான். குளத்தூரில் குடிநீர்க் குழாய் உடைந்தாலும், சித்தன்னவாசலுக்கு வந்த சுற்றுலா வேன் வழியில் கவிழ்ந்தாலும், திருமயத்தில் தேர் பாதியில் நின்றாலும் யாராவது உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் சாப்பாடு ஆறும். நீங்கள் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவீர்கள். “கேட்டத எழுதுனா அது ஊர்க்கதை, பாத்தத எழுதுனாத்தான் செய்தி” என்பீர்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்குத்தான் பார்வை போனது. மதுரை டாக்டர் கண் அழுத்தம் என்றார். முதலில் ஓரங்கள் மறைந்தன. எதிரே இருப்பவர் முகம் தெரிந்தது, அவர் நீட்டிய டம்ளர் தெரியவில்லை. ஒருநாள் திருமயத்திலிருந்து திரும்பும்போது பக்கவாட்டில் ஓடி வந்த ஆட்டுக்குட்டியைக் கவனிக்காமல் விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு வந்தீர்கள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதைத்தான் முதலில் சொன்னீர்கள். அன்றைக்கு வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். திருப்பிக் கேட்கவே இல்லை. அடுத்த வருடத்துக்குள் எழுத்தும் தெரியாமல் போய்விட்டது.

அதன் பிறகு நீங்கள் போனில் விசாரித்துச் சொல்லச் சொல்ல, நான்தான் டைப் அடித்தேன். தீபாவளிக்கு முன்னால் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் அப்படியே கிடக்கும். நான் சும்மா இருக்காமல் சில வார்த்தைகளை இடையில் சேர்ப்பேன். திருப்பி வாசித்துக் காட்டும்போது நீங்கள் பிடித்துவிடுவீர்கள்.

“பரபரப்புன்னு நான் சொல்லலையே?”

“எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தானே போடுறாங்க.”

“பரபரப்பா இருந்தா வாசிக்கிறவனுக்கே தெரியும். அத எடுத்துட்டு எந்த ரோடு தெறந்திருக்குன்னு போடு. செய்திக்குள்ள வழி இருக்கணும்மா.”

உங்களுக்குக் கோபம் வராது. ஆனால், ஒரு வார்த்தையை மாற்றக்கூட இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது உங்களை உள்ளுக்குள் தின்றது. சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்த நாட்களை நான்தானே பார்த்தேன்.

பாரூக் அண்ணன் சார்ஜாவிலிருந்து திரும்பி வந்து கம்ப்யூட்டர் கடை வைத்தது அந்தச் சமயத்தில்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே உங்கள் கூட்டாளி. உங்களைப் பார்க்க வந்தவர், நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ஒரு பழைய லேப்டாப்போடு வந்தார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டிருந்தார். அது பேசிய தமிழைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். ஆண் குரலா பெண் குரலா என்றுகூடத் தெரியவில்லை. மூக்கடைத்த விருந்தாளி ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. நாளாவட்டத்தில் அதற்கு ‘விருந்தாளி’ என்றே பெயராகிவிட்டது.

விருந்தாளிக்கு வாசிக்கத் தெரியும். எதில் வாசிப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. லேப்டாப்போடு வந்த பிரவுசரைத் திறந்தால் அது முதலில் தன்னைப் பற்றியே பேசும். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, இதைப் பாருங்கள், அதை அழுத்துங்கள் என்று அது முடிப்பதற்குள் உங்களுக்கு வேண்டிய செய்தி எங்கோ கீழே போயிருக்கும். எல்லாரும் வைத்திருக்கிற இன்னொன்றை அண்ணன் போட்டுக் கொடுத்தார். அது வேகமாகத் திறந்தது. திறந்த வேகத்தில் விளம்பரங்களும் பேச ஆரம்பித்தன. விருந்தாளி ஒருபக்கம் வாசிக்க, நகைக்கடை ஒருபக்கம் கத்த, என் மெஷின் ஒருபக்கம் ஓட, நீங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டீர்கள்.

“சந்தைக்கு நடுவுல நின்னு பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு பாரூக்கு.”

“எல்லாரும் அதத்தான் மாப்ள வச்சிருக்காங்க. போகப் போகப் பழகிரும். ஒனக்குச் சத்தம் வந்தாப் போதாதா? எதுல வந்தா என்ன?”

நீங்கள் காதிலிருந்து கையை எடுத்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: “கண்ணுதான் போச்சு. புடிச்சது புடிக்காதது எனக்கும் இருக்குடா.”

அண்ணன் முகம் மாறியதை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இங்கிட்டு இழுத்துப் போட்டு, “அப்பச் சொல்லு, ஒனக்கு எப்படி இருக்கணும்?” என்று கேட்டார்.

அதன் பிறகு கடையை அடைத்துவிட்டு அவர் தினமும் வருவார். துணிக்கடையில் புடவை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டீர்கள். ஒன்று மூச்சு விடாமல் பேசுகிறது. ஒன்று பின்னால் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒன்று எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்றே சொல்வதில்லை. கடைசியில் ஒன்றைத் திறந்ததும் வீடு அமைதியாக இருந்தது. நீங்கள் கேட்காமல் எந்த வீடியோவையும் அது ஓடவிடவில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் விளம்பரம், படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் செய்தியை மட்டும் வைத்தது. பின்னால் போய்த் திரும்பினால் விட்ட இடத்திலேயே நின்றது.

“அத இப்ப யாரு மாப்ள வச்சிருக்கா?” என்றார் அண்ணன்.

“நான் வச்சிருக்கேன்ல. வேகம் கெடக்கட்டும்டா. இதுக்குச் சும்மா இருக்கத் தெரியுது.”

அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. பத்திரிகை ஆபீசில் செய்தி அனுப்பும் முறையை மாற்றினார்கள். இனி மின்னஞ்சல் கிடையாது, அவர்களுடைய இணையப் பக்கத்துக்குள் போய்த்தான் செய்தியை ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்தில் படங்களைப் பார்த்து அழுத்தும் பட்டன்கள் இருந்தன, பட்டன்களுக்குப் பெயர் இல்லை. விருந்தாளி பாவம், “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் சொன்னது. எதுவென்று தெரியாமல் ஒன்றை அழுத்தினீர்கள். அடித்த செய்தி முழுவதும் அழிந்தது. ஆபீசிலிருந்து பேசிய தம்பி நல்லவிதமாகத்தான் சொன்னார்.

“சார், எங்க பக்கம் எல்லாரும் வச்சிருக்கிற பிரவுசருக்காகச் செஞ்சது. நீங்க எதுக்கு செரமப்படுறீங்க? ரெஸ்ட் எடுங்க. உங்க பகுதிக்கு வேற ஆள் போட்டுக்குறோம்.”

“ஒரு வாரம் குடுங்க தம்பி” என்றீர்கள். போனை வைத்தீர்கள். நான் பக்கத்தில் வந்து, “நானே அனுப்புறேங்க, பழையபடி நீங்க சொல்லுங்க” என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “நீ அனுப்புனா அது ஒன்னோட வேலைம்மா. எனக்கு என் வேலை வேணும்” என்றீர்கள். அன்று எனக்கு அது வலித்தது. நம்மை வேண்டாம் என்கிறாரே என்று சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். நீங்கள் அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, எது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தீர்கள்.

வாரக் கடைசியில் குளத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போனேன். மதியத்துக்கு மேல் பிடித்த மழை விடவில்லை. திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் நின்றது. ரோட்டில் தண்ணீர் போகிறது என்றார்கள். கண்டக்டர் குடையோடு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாலமே போய்விட்டது என்று ஒருவர், பஸ் ஒன்றை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஒருவர். என் பக்கத்தில் இருந்த வயசான அம்மா சாமிகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்.

முன் சீட்டில் இருந்தவர் போனைப் பார்த்துவிட்டு, “இருங்க, இருங்க, செய்தி வந்திருக்கு” என்று உரக்க வாசித்தார். கண்மாய்க் கரை உடைந்து ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் செல்கிறது. பாலம் உறுதியாக இருக்கிறது. ஆட்களுக்குச் சேதம் இல்லை. புதுக்கோட்டை செல்லும் பஸ்கள் கீரனூர் வழியாகச் சுற்றிப் போகலாம், அந்த ரோடு திறந்திருக்கிறது.

“அப்பக் கீரனூரு வழியாத் திருப்புங்கண்ணே” என்று கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணே, இன்னொருக்கா வாசிங்க” என்று நான் கேட்டேன். அவர் வாசித்தார். ஒரு இடத்திலும் ‘பரபரப்பு’ இல்லை. செய்திக்குள் வழி இருந்தது. அதை ஏற்றி அனுப்ப வீட்டில் உங்களைத் தவிர யாரும் கிடையாது. உங்களுக்கு எத்தனை செய்திகளை வாசித்துக் காட்டியிருப்பேன்! நான் டைப் அடிக்காத உங்கள் செய்தியை யாரோ ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். “அழுவாதத்தா, அதான் ரோடு இருக்காம்ல, வீட்டுக்குப் போயிரலாம்” என்று அந்த அம்மா என் முதுகைத் தடவினார்.

நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருவே இருட்டாக இருந்தது. நீங்கள் லேப்டாப் முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

“கரண்டு போயி எவ்வளவு நேரமாச்சுங்க?”

“போயிருச்சா?” என்றீர்கள். மின்விசிறி நின்றதைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மத்தியானம் வைத்த சோறு மூடியபடியே இருந்தது. “இதையும் பாக்காமத்தான் எழுதுனேம்மா. அந்தக் கண்மாய்க் கரையில இருக்குற நாலு பேரத் தனித்தனியாக் கேட்டேன். நாலு பேரும் ஒண்ணத்தான் சொன்னாங்க. சரியா இருந்துச்சா?”

“பஸ்ஸே அத வச்சுத்தாங்க திரும்புச்சு” என்றேன். சோற்றை எடுத்து வைத்தேன், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள்.

மறுநாள் ஆபீஸ் தம்பி கூப்பிட்டு, யார் ஏற்றிக் கொடுத்தது என்று கேட்டார். “நான்தான்” என்றீர்கள். சில நாள் கழித்து அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். உங்களுக்கு எது எது சிரமம் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எல்லாப் பட்டன்களுக்கும் பெயர் வைத்துவிட்டார். விருந்தாளி முதன்முதலாக “செய்தி அனுப்பு, பட்டன்” என்று வாசித்ததை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், பேத்தியின் முதல் பேச்சைக் கேட்கிறவர் மாதிரி. வேறு ஆள் போடும் பேச்சு அதோடு நின்றது.

எனக்கு ஜாக்கெட் தைக்க நேரம் கிடைத்தது. மனதின் ஓரத்தில் ஒரு வெறுமையும் இருந்தது. அது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ! ஒருநாள் காலையில் காபியோடு வந்தவளை உட்காரச் சொல்லி, “ராசிபலன மட்டும் நீ வாசிம்மா. அது வாசிச்சா நம்பிக்கையே வரமாட்டேங்குது” என்றீர்கள். உங்களுக்கு ராசிபலனில் என்றைக்கு நம்பிக்கை இருந்தது? அப்புறம் எத்தனையோ வருடங்கள் நான் வாசித்தேன், நல்ல பலனாக நானே நாலு வார்த்தை சேர்த்து. அதை மட்டும் நீங்கள் கண்டுபிடிக்காத மாதிரியே இருந்தீர்கள்.

நெஞ்சு வலிக்கிறது என்று நீங்கள் சொன்ன காலையிலும் குளத்தூரிலிருந்து வந்த ஒரு போனுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சொன்னீர்கள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பு இல்லை. போகட்டும்.

இன்று பாரூக் அண்ணன் கேட்டார், “தங்கச்சி, மாப்ள வச்சிருந்ததையே போட்டுரவா?”

நான் யோசித்தேன். “வேணாண்ணே, அது அவருக்குப் புடிச்சது. எனக்குப் படம் பெருசாத் தெரியணும். கழுத்து டிசைன், கை டிசைன் எல்லாம் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வச்சுப் பாக்கணும். எல்லாரும் வச்சிருக்காங்கல்ல, அதப் போடுங்க. அந்த விளம்பரச் சத்தத்த மட்டும் அமத்திக் குடுங்க.”

அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டு, அதையே போட்டுக் கொடுத்தார். நீங்கள் இருந்திருந்தாலும் சிரித்திருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் திருமயத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், அக்காவும் தங்கச்சியும். தங்கச்சிக்கு நாற்பது வயசு இருக்கும். பக்கவாதம் வந்து இடது கை தூக்க வரவில்லை, பேச்சும் நிதானமாகத்தான் வருகிறது. அக்காதான் பேசினார்.

“இவளுக்கு என்னங்க, வீட்டுக்குள்ளதான கெடக்கப் போறா. லூசா, மாட்டுறதுக்கு வசதியா எதையாவது தச்சுக் குடுங்க. கலரு எதுன்னாலும் சரி.”

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “உங்களுக்கு எப்படி இருக்கணும், சொல்லுங்க” என்று அவரிடம் கேட்டேன்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். நெடுநேரம் ஆயிற்று. வார்த்தைகளை அவர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

“பச்ச” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “கிளிப்பச்ச. கழுத்து... கொஞ்சம் எறக்கமா. கையில... பஃப்பு வச்சு.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். நாளைக்கு அளவு பார்க்க வருகிறார். ஒரு கையாலேயே மாட்டுகிற மாதிரிக் கொக்கிக்குப் பதிலாக, அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்து வெட்டியிருக்கிறேன். கழுத்தை அவர் சொன்ன அளவுக்கே இறக்கியிருக்கிறேன். பஃப் மட்டும்தான் பாக்கி.