வங்கிக்குள் என் கணவரின் கையைப் படம்பிடித்தது குறித்து

அனுப்புநர்:
திருமதி றம்லத் நஸீப்,
41/2, பள்ளிவாசல் ஒழுங்கை,
திகன.

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர்,
மலையருவி வங்கி,
கண்டி.

விடயம்: வங்கிக்குள் காணொளி எடுத்தமைக்காக எங்கள் பெட்டகத்தை மூடச் சொல்லும் கடிதத்தை மீளப்பெறக் கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் நஸீப் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். தங்கள் திகனக் கிளையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பெட்டகம் வைத்திருக்கிறார். சென்ற வருடம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை பலவீனமாகிவிட்டது. எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக வேண்டும். எங்கள் கடவுச்சீட்டுகள் அந்தப் பெட்டகத்தில் இருந்தன. ஜனவரி 27ஆம் திகதி மாலைக்குள் அவற்றைத் தரும்படி பயண முகவர் கேட்டிருந்தார்.

2. அன்று காலை கிளைக்குச் சென்றோம். பெட்டகத்தைத் திறக்கக் கையெழுத்து ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். 2003இல் அவர் வைத்த கையெழுத்தைத் தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும். மூன்று வளையம், ஒரு வால், அடியில் இரண்டு கோடு. இப்போது வருவது நடுங்கும் ஒரு கோடு மட்டுமே. கிளை முகாமையாளர் எட்டாம் வகுப்பில் அவரிடம் படித்தவர். கண்டவுடன் எழுந்து நின்று “சேர்” என்றார். ஆகவே ஆளை அடையாளம் காண்பதில் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை. கையெழுத்தில்தான் சிக்கல்.

3. திரும்பத் திரும்பக் கையெழுத்து வாங்கினார்கள். கைரேகை எடுக்கும்படி கேட்டேன். தலைமை அலுவலக அனுமதிக்கு இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். கருமபீடத்தில் இருந்த செல்வி நடாஷா ஐந்தாவது தாளை நீட்டியபோது என் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் குறைசொல்லவில்லை. ஆறாவது தாளும் சரிவராதபோது என் கணவர் மெதுவாக, “றம்லத், பரீட்சையில பெயிலான புள்ள மாதிரி இருக்கு எனக்கு” என்றார். அப்போதுதான் கைத்தொலைபேசியை எடுத்தேன்.

4. ஏழாவது முயற்சியை முழுமையாகப் படம்பிடித்தேன். முகாமையாளர் ஓடி வந்து, “வங்கிக்குள்ள வீடியோ எடுக்கிறது சட்டவிரோதம்” என்றார். “எந்தச் சட்டம், மகன்?” என்று கேட்டேன். அவர் பொலிஸாரை அழைத்தார்.

வங்கிக்குள் எவரும் எதையும் படம்பிடிக்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. என் காணொளியில் பிறர் முகமோ கணினித் திரையோ இல்லை. இருந்தவை என் கணவரின் கை, அந்தத் தாள், ஓரத்தில் முகாமையாளரின் கழுத்துப்பட்டி. தங்கள் கமராக்கள் நான்கு என்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன, நான் ஆட்சேபிக்கவில்லை.

5. சார்ஜன்ட் வந்து காணொளியை இரண்டு தடவை பார்த்தார். பின்னர் சட்டத்தின் பெயரை அவரும் முகாமையாளரிடமே கேட்டார். முகாமையாளர் உள்ளே போய்த் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு கிழமை செல்லும் என்ற அனுமதி பதினொரு நிமிடத்தில் வந்தது. இடது பெருவிரலை வைத்துக் கடவுச்சீட்டுகளைப் பெற்றோம். காணொளியை அழிக்கச் சொன்னார்கள். “நம்மட புள்ளதானே, அழிச்சிரு” என்று என் கணவரும் சொன்னதால் அழித்தேன்.

6. அத்துடன் முடிந்தது என்றிருந்தோம். ஆனால் “சட்டவிரோத ஒளிப்பதிவு” காரணமாக முப்பது நாளில் பெட்டகத்தை மூடுமாறு இம்மாதம் 5ஆம் திகதியிட்ட கடிதம் வந்திருக்கிறது. அதிலும் சட்டத்தின் பெயர் இல்லை. ஒரு நாளும் எவரிடமும் கண்டனக் கடிதம் வாங்கியிராத என் கணவர், அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

ஆகவே, அப்படியொரு சட்டம் இருந்தால் அதன் பெயரை அறியத் தருமாறும், வங்கியின் விதி மட்டுமாயின் அதை மூன்று மொழிகளிலும் வாசலில் ஒட்டுமாறும் வேண்டுகிறேன், வாசித்துக் கட்டுப்படுவேன். இரண்டும் இல்லையெனில் கடிதத்தை மீளப்பெறுங்கள். கை நடுங்குவோரிடம் முதல் தாளிலேயே கைரேகை வாங்கவும் பணியுங்கள்.

இம்மாதம் 20ஆம் திகதி மக்காவுக்குப் புறப்படுகிறோம். அங்கு முகாமையாளருக்காகவும் துஆ கேட்கப்போவதாக என் கணவர் சொல்கிறார். நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. தங்கள் பதில் அதற்கு முன் கிடைத்தால் எனக்கு இலகுவாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும் வாடிக்கையாளர்,
றம்லத் நஸீப்

திகன
2025.02.11