வாய் தவறிச் சொன்ன ஆமென்

ஜூலை 2, செவ்வாய்

இன்றோடு நாலு நாள். என் வீட்டுக்காரர் தேவசிகாமணி என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எல்லாம் வீட்டால் வந்தது. மகன் எபனேசர் பெங்களூரில் பதினோராவது மாடியில் எங்களுக்கும் ஓர் அறை வைத்திருக்கிறானாம்; பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு வரணுமாம். அவன் சொன்னதும் இவர் தலையாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருஷம் நான் தண்ணீர் ஊற்றிய மாமரம் எந்த மாடியில் நிற்கும்?

பேச்சில்லாவிட்டாலும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தப்பியதில்லை.

ஜூலை 4, வியாழன்

நேற்று ஜெபத்தில் இவர்: "ஆண்டவரே, இந்த வீட்டில் பிடிவாதமாய் இருக்கிறவர்களுக்கு மனமாற்றம் தாரும்."

என் முறை வந்தது. "ஆண்டவரே, பெண்டாட்டியைக் கேட்காமல் முடிவெடுக்கிறவர்களுக்குப் புத்தியைத் தாரும். கேஸ் தீர்ந்துபோயிற்று என்பதையும் உமது சமுகத்தில் வைக்கிறேன்."

காலையில் சிலிண்டர் பதிவாகியிருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

சே! இப்படியா மாட்டிக்கொள்வேன்?

கோயிலில் அசன விருந்து. பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு வந்தேன். ஜெபத்தில் பாதித் தூக்கம். இவர் நீளமாக என்னவோ வேண்டி, "வீடு விற்கிற காரியத்தை வாய்க்கப்பண்ணும்" என்று முடித்திருக்கிறார். பழக்கதோஷம்— "ஆமென்" என்றுவிட்டேன். அதுவும் சத்தமாக.

கண்ணைத் திறந்தால் இவர் போனில்: "ஏலே எபி, அம்மாவும் சம்மதிச்சிட்டா. ஆமென் சொல்லிட்டா, லே!"

ஆமென் என்றால் 'அப்படியே ஆகட்டும்' என்று ஞாயிறு பள்ளியில் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். யாரிடம் போய் இல்லை என்பேன்?

ஜூலை 10, புதன்

வீடு பார்க்க மீரா முகைதீன் என்பவர் மனைவி ஜுபைதா பீவியோடு மேலப்பாளையத்திலிருந்து வந்தார். நல்ல மனுஷர்கள். அதுதான் எரிச்சல். மாமரத்தடியில் நின்று அந்தம்மா, "இவ்வளவு நிழலை விட்டுட்டுப் போவ எப்படிக்கா மனசு வருது?" என்றது.

"ஆமென் சொல்லிட்டேன்மா" என்றேன். பாவம், முழித்தது.

ஜூலை 11, வியாழன்

இனிமேல் எதற்கும் ஆமென் கிடையாது. இவர் ஜெபித்து முடித்துவிட்டு முழங்காலிலேயே காத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஜெபித்தார். மூட்டுவலிக்காரர். தெரியும். இருந்தாலும் திறக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆமென் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்றும் முடித்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு வேறு குரலில் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, போன மாசம் வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தேன். யாரோ தூக்கி உட்காரவைத்தார்கள். உமக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவ்வளவு பெரிய வீட்டுல இவ ஒத்தையில கெடக்கப்படாது. அதுக்காகத்தான்..."

கண்ணைத் திறந்துவிட்டேன்.

"இதை என்கிட்டல்லா சொல்லணும்? அவர்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?"

"நீ பயந்துருவேன்னுதான், ஜெபா."

"நீங்க இல்லாம பதினோராவது மாடியில மட்டும் நான் ஒத்தையில்லையாக்கும்?"

இவர் அழுதார். நானும் அழுதேன். எழுந்திருக்க முடியவில்லை என்றார். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

இவரை டாக்டரிடம் காட்டினோம். இருதயம் மெதுவாகத் துடிக்கிறதாம். அடுத்த வாரம் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். கூட நிற்க எபனேசர் வருகிறான். வீடு கொடுக்கவில்லை என்று மீரா முகைதீனிடம் இவரே போனில் சொன்னார்.

மத்தியானத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தோம். ஆஸ்பத்திரிப் பயம், எபனேசரின் கோபம், யார் முந்திப் போவது என்பதுவரைக்கும். ஏழு மணிக்கு முழங்காலில் நின்றால் இருவருக்குமே சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஜெபம் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.