குதிரை வீட்டில் ஏறிய சிப்பாய்

10 ஜூன் 1968, திங்கள்

நாலாம் வகுப்பில் படிக்கும்போது தம்மபாலன் என்னைக் கேட்டான்: "டீச்சர், வேணும்னே தோத்துக் குடுத்தா அது பொய்யா?" வாங்குகிறவருக்குச் சாதகமாகத் தராசில் விரல் வைத்தாலும் அது தப்பு எடைதான் என்றேன்.

இப்போது அவனுக்கு நாற்பது வயது. தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் இறங்கும் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் எஞ்சின் டிரைவர். சாம்பியன் ரீப்ஸ் கிளப்பில் செஸ்ஸில் அவனை ஜெயிக்க ஆளில்லை. நேற்று எங்கள் வீட்டில் அம்மாவிடம் தோற்றான். எழுபத்தெட்டு வயது அம்மாவிடம்.

சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வருகிறது. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, பெங்களூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று தம்பி ராஜு சொல்வதையும், ஆண்டர்சன்பேட்டையை விட்டு வரமாட்டேன் என்று அம்மா அழுததையும் போன வாரம் தம்மபாலனிடம் சொன்னது நானேதான்.

11 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை ராஜு வருகிறான். "அம்மா தெளிவா இருக்கான்னு நீ சொல்லுக்கா, இங்கயே விட்டுடறேன்" என்று எழுதியிருக்கிறான். நான் பொய் சொல்லமாட்டேன் என்று தெரிந்துதான்.

போன மாதம் ஸ்டவ்வை அணைக்காமல் அம்மா பஜாருக்குப் போனாள். அதுவும் நிஜம்தானே?

12 ஜூன்

அம்மாவின் கடைசி அடிக்கு முந்தைய நிலையை நினைவிலிருந்து அடுக்கினேன். முதல் எண் அம்மாவின் இடமிருந்து எத்தனையாவது கட்டம், அடுத்தது அம்மா பக்கத்திலிருந்து வரிசை. அம்மா: ராஜா 7-1, யானை 8-7, சிப்பாய்கள் 6-2, 7-2, 8-2, 1-4, 2-7. அவன்: ராஜா 1-6, யானை 4-2, சிப்பாய்கள் 1-5, 2-6.

அம்மாவின் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரே அடி. அவன் யானையை மேலே ஏற்றியிருந்தால் தடுத்திருக்கலாம். கீழே இறக்கி அம்மாவின் குதிரையை வெட்டினான். கிளப்பில் ஜெயிக்கிறவனுக்கு இது தெரியாதா?

போதாததற்கு, சிப்பாய் ஏறியதும் வெட்டுப்பட்ட ராணியை அவனே எடுத்து நீட்டினான். "எனக்கு எதுக்குடா இது?" என்று அம்மா கையைத் தள்ளிவிட்டுக் குதிரையை வைத்தாள். யாராவது ராணியை விட்டுக் குதிரையை எடுப்பார்களா? ராஜு கேட்டால், "பாத்தியாக்கா" என்பான்.

13 ஜூன்

ஷிப்டுக்குப் போகிற தம்மபாலனை நிறுத்திக் கேட்டே விட்டேன். அவன் முகம் வாடிவிட்டது.

"இன்னா டீச்சர், நான் தோத்துக் குடுத்தேன்றீங்களா? ராணிய வெச்சிருந்தா அடுத்த மூவ்ல முடிச்சிருப்பேன். அதுக்குத்தான் அவசரமா எடுத்து நீட்டனேன். பெரியம்மா குதிரைய வெப்பாங்கன்னு கனவா கண்டேன்? வேணும்னே தோக்கறது பொய்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

நல்ல மனசுக்காரன் சொல்லும் பொய்யும் இப்படித்தான் இருக்கும்.

14 ஜூன்

ராணி, குதிரை இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அம்மா? அவள் பழகிய நாட்டு ஆட்டத்தில், குதிரை வீட்டில், அதாவது ஆரம்பத்தில் குதிரை நிற்கும் கட்டத்தில், ஏறின சிப்பாய் குதிரைதான் ஆகும். அந்தப் பழக்கத்தில் வைத்தாளா, பார்த்து வைத்தாளா? பென்ஷன் வாங்கி மூன்று வருஷமாகியும் ஒன்பது மணியானால் என் கை சாக்பீஸைத் தேடுகிறது. அதில் புத்தி எங்கே இருக்கிறது?

15 ஜூன்

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"அங்க குதிரைதான் கிடைக்கும்னு தெரிஞ்சிதான்டி அந்த சிப்பாய ஓட்டினேன். அவன் என் குதிரைய வெட்டினான், நான் திரும்ப வாங்கிக்கினேன்."

"குதிரையால ஜெயிக்க ஆகாதுன்னா?"

"அப்ப இன்னாத்துக்கு ஏத்தறேன்? என் ராஜா முன்னால ஒரு சிப்பாய நகத்தி ராஜா மூச்சு விட எடம் பண்ணியிருப்பேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "பரீட்சையா வெக்கிற? ஸ்டவ்வ மறந்தேன், இல்லன்னு சொல்லல. அத நீ பாத்துக்க."

உள்ளே போய் நான் சற்று அழுதேன்.

16 ஜூன், ஞாயிறு

பலகையை ராஜு முன் வைத்தேன். அம்மாவின் சிப்பாயை ஏற்றி ராணியை வைத்தான், நான் தம்மபாலன் பக்கத்து யானையை இறக்கி அவனைத் தோற்கடித்தேன். குதிரையை வைக்கச் சொன்னேன். எதிர் ராஜா தப்ப ஒரு கட்டமும் இல்லாததை விரல் வைத்து எண்ணிப் பார்த்தான்.

"யாருக்கா இத வெச்சது?"

"அம்மா."

சாயங்கால ரயிலில் தனியாகத்தான் போனான். தம்மபாலனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

என்னைப்போல் சந்தேகப்படுகிறவர் இதைப் படித்தால்: பன்னிரண்டாம் தேதிக் காய்களை அடுக்கி, முதலில் ராணியை ஏற்றிப் பாருங்கள், பிறகு குதிரையை.