செவ்வாய்க்கிழமை பஸ்

லிட்டில் மார்ஷோல்ட்
நவம்பர் 17, ஞாயிறு

அன்பு மகள் ஜூடித்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாவில் இந்நேரம் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். இங்கே மழையும் சேறும்தான். சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் லாரிகள் போய்ப் போய் ரோடெல்லாம் வயலாகிவிட்டது.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று நீ யோசிப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞாயிறுதோறும் நீ கூப்பிடும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் யோக்கியனாகிவிடுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கடையைப் பெரில்தான் இன்னும் நடத்துகிறாள். தபால் வேலை மட்டும் வாரத்துக்கு மூன்று காலை என்று சுருங்கிவிட்டது. பாதிரியார் ஃபிலிப்பா அம்மாவுக்கு இப்போது ஆறு ஊர்க் கோயில்கள். நம் ஊருக்கு மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் வருகிறார். பழைய சிவப்பு டெலிபோன் கூண்டில் படித்து முடித்த புத்தகங்களை வைக்கிறார்கள், அதில் மழை ஒழுகுகிறது. நம் பஸ் அக்டோபரோடு நின்றுவிட்டது.

இனி என் விஷயம். மார்ச் மாதம் கண் டாக்டர் என்னைக் காரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை தெரிகிறது. ஓரத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியது மட்டும் மறைந்துவிடுகிறது. உன்னிடம் சொல்லவில்லை. ஊரிலும் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை தவறாமல் காரைக் கழுவித் துடைத்து, வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தி வைத்தேன். உன் அம்மாவைப் பார்க்க ஹார்ஸ்டனில் உள்ள முதியோர் இல்லத்துக்கு நான் காரில் போய் வருவதாக உன்னிடம் சொன்னேனே, போனதெல்லாம் பஸ்ஸில்தான். செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணிக்கு ஏறினால், இரண்டு மணிக்கு அம்மாவின் ஜன்னலுக்கு எதிரிலேயே இறக்கிவிடுவான். அவள் அங்கே உட்கார்ந்து கையாட்டுவாள். யார் பெயரும் நினைவில் நிற்காத நாட்களில்கூட அந்த பஸ்ஸை மட்டும் அவள் மறந்ததில்லை.

பஸ்ஸில் என்னைப் பார்த்தவர்களிடம், ஹார்ஸ்டனில் காரை நிறுத்த இடமில்லை என்று சொல்லி வைத்தேன். வேடிக்கை என்னவென்றால் அந்த பஸ்ஸில் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு சாக்கு இருந்தது. மிஸஸ் லவெல்லுக்கு வயல்களைப் பார்த்துக்கொண்டே போவது பிடிக்குமாம். டோவியின் கார் மெக்கானிக்கிடம் இருந்ததாம், எட்டு மாதமாக. ஒன்பது பேர் கௌரவமாகப் பொய் சொல்லிக்கொண்டு போய் வந்தோம்.

மே மாதம், பஸ் யாருக்குத் தேவை என்று கேட்டு மாவட்டத்திலிருந்து படிவங்கள் வந்தன. ஊர் நிர்வாகம் பார்க்கும் பாரிஷ் கவுன்சிலில் நானும் ஒருவன் அல்லவா, வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டவனே நான்தான். நிரப்பிப் போடும் பெட்டியைப் பெரில் கடை மேசையில் வைத்தோம், பக்கத்தில் கயிறு கட்டிய பேனாவோடு. அங்கேதான் தப்புச் செய்தோம். பின்னால் நாலு பேர் ரொட்டிக்கும் தபால்தலைக்கும் நிற்கும்போது, "பஸ் இல்லாவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை" என்ற கட்டத்தில் இந்த ஊரில் எவன் கோடு போடுவான்? பெரில் வேறு என் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கென்ன, வாசலில் பளபளவென்று கார் நிற்கிறதே என்றாள். நானும் சிரித்துக்கொண்டே "தேவையில்லை" என்று கோடு போட்டேன்.

பெட்டியைப் பிரித்தபோது பஸ் தேவை என்று எழுதியவர்கள் இரண்டே பேர். கவுன்சில் தலைவர் ராக்கம், பஸ்ஸை நிறுத்த யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை ஜூடித். அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

பஸ் நின்று பத்து நாளாகியும் நான் அம்மாவைப் பார்க்கவில்லை. டாக்ஸிக்காரர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் வருவார். அதற்குள் இருட்டி, அங்கே அவர்களைப் படுக்க வைத்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்கலாம்தான். கேட்டால் கார் ஏன் நிற்கிறது என்பார்கள். போன ஞாயிறு நீ அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, நேற்றுதான் பார்த்தேன், கன்னம் சிவப்பாக இருக்கிறாள் என்றேன்.

மறுநாள் கவுன்சில் கூட்டம். ஊர்க்காரர்கள் பேசுவதற்கென்று பத்து நிமிஷம் ஒதுக்குவார்களே, அதில் எழுந்தேன். கவுன்சிலர் அந்த நேரத்தில் பேசக்கூடாது என்றார் ராக்கம்.

"கவுன்சிலரா பேசல. எனக்குக் கண்ணு தெரியல. கார் சும்மாதான் நிக்குது. அந்தப் படிவத்துல நான் பொய் எழுதினேன்."

பிறகு மிஸஸ் லவெல் எழுந்து, தானும் அப்படித்தான் எழுதியதாகச் சொன்னாள். டோவி தன் காரை எப்போதோ விற்றுவிட்டானாம். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ராக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மாவட்டத்துக்கு எழுதிப் பார்க்கலாம், ஆனால் வசந்த காலத்துக்கு முன்னால் எதுவும் நடக்காது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது எல்லோரும் காரில் கூட்டிப் போகிறேன் என்கிறார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. சென்ற வியாழன் காலை ஃபிலிப்பா அம்மா கூட்டிப் போனார். உன் அம்மாவுக்குப் பிடித்த இஞ்சிக் கேக்கை எடுத்துப் போனேன். ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். விருந்தாளியைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்து, என்னை உட்காரச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமைதாங்க வருவாரு, ரெண்டு மணி பஸ்ல. கொஞ்ச நாளா அவரைக் காணோம். ஏதாச்சும் ஆயிடுச்சா, யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவர் நன்றாக இருக்கிறார், பஸ்தான் நின்றுவிட்டது என்றேன்.

"பஸ் நிக்காதுங்க. அவரு கவுன்சில்ல இருக்காரே, விட மாட்டாரு."

கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் குரல் அவளுக்கு இன்னும் அடையாளம் தெரிகிறது என்று நர்ஸ் சொன்னாள். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு இரண்டு மணி என்றால் உனக்குக் காலை ஒன்பது. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு நிமிஷம் அம்மாவுக்குப் போன் செய். அப்பா கிளம்பிவிட்டார், பஸ் கொஞ்சம் தாமதம் என்று சொல். பொய்தான். இந்தக் குடும்பத்தில் இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருக்கிறது. அவள் பயப்படாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

உங்கள் எல்லோரையும் கர்த்தர் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று நீ கேட்டாய், வேண்டாம் என்றேன். அதுவும் போனில் சொன்னதுதான், மகளே.

உன் அன்பு அப்பா,
லெனார்ட்