உன் மைனரும் என் டட்சனும்

உன் மைனர் காரின் கதவைத் திறந்தேன். ஈரச் சாக்கும் பெட்ரோலும் கலந்த அதே வாசனை. நீலாயிலிருந்து வந்த உன் மகள் போன வாரம்தான் சாவியை என் கையில் வைத்து, "அப்பா வண்டிய நீங்களே வச்சிக்குங்க அங்கிள்" என்றாள். ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை. உள்ளே உட்கார்ந்து அழுதேன். அறுபத்தெட்டு வயதுக் கிழவன் அழுவதை நீ பார்த்திருந்தால் தோட்டத்து ஆட்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய்.

எத்தனை வருடச் சண்டை நமக்கு! உன் மோரிஸ் மைனரா, என் டட்சன் 120ஒய்யா? புக்கிட் புத்துஸ் மேட்டில் நான் மூன்றாம் கியரில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறுவேன். நீ இரண்டாம் கியரில், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, ராஜா மாதிரி வருவாய். மேலே காத்திருந்து, "தூங்கிட்டியாடா?" என்பேன். ஆனால் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அரிசி மூட்டை, அண்டா, ஆடு எல்லாம் வந்தது உன் வண்டியில்தான். பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏற்றுவாய். மெக்கானிக்கைத் தேட மாட்டாய். ஒரு ஸ்பேனர் போதும் உனக்கு. "உன்னோடது ஓடும்லா, என்னோடது உதவும்" என்பாய். என் வண்டியில் ஆடு ஏறினால் நான் இறங்கிவிடுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கடைசி நாள் காலை சந்தி ஒட்டுக்கடையில் நண்பர்களோடு டீக்கு உட்கார்ந்திருந்தேன். நீ போன் செய்தாய்.

"டேய், உன் டட்சன்தான் வேகம். ஒத்துக்கிறேன். கொஞ்சம் வீட்டுக்கு வாலா."

நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதவி கேட்க உனக்கு எப்போதும் கூச்சம். ஊருக்கெல்லாம் ஓடுவாய், உனக்கென்று வாய் திறக்க மாட்டாய். நான் ஒரு மடையன். போனை ஸ்பீக்கரில் போட்டு, "இன்னொரு தடவ சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன். நீ மறுபடியும் சொன்னாய். கடையே கைதட்டியது.

நான் வந்தபோது வியர்வையில் நனைந்து வாசலில் உட்கார்ந்திருந்தாய். ஆஸ்பத்திரி கார்டு சட்டைப் பையில் இருந்தது. கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். என் வண்டியில் யார் ஏறினாலும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மூச்சு வாங்க வாங்க நீ குனிந்து செருப்பைக் கழற்றினாய். "போட்டுக்கிட்டே ஏறுடா!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரி போகும் வழியில், சுங்கை காடுட்டில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நின்றன. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். விலக யாருக்கும் இடமில்லை. நீ என் கையைத் தொட்டு, "இன்னிக்கு உன்னோடதும் என்னோடதும் ஒன்னுதான்லா" என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

சாவி கொடுத்த அன்று உன் மகள் சொன்னாள்: "வீட்ல எப்பவும் உங்க வண்டிதான் வேகம்னு சொல்வாரு அங்கிள். உங்ககிட்ட மட்டும் ஒத்துக்க மாட்டாரு. அன்னிக்கு நீங்க உடனே ஓடி வந்தீங்களே, அது போதும்."

நான் தலையாட்டினேன். அவளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. உனக்கும் இது தெரியாது. நீ போனை வைத்ததும் நான் எழுந்திருக்கவில்லைடா. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோருக்கும் தே தாரிக் டீ சொல்லி, என் கிளாசையும் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.