என் பதினைந்து நிமிடம்

யூலை 9, செவ்வாய்

ஆய்வு மாநாட்டுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் எங்கள் பல்கலைக்கழகப் பீடாதிபதி என்னைக் கூப்பிட்டு, தொடக்க நிகழ்வில் மேலும் இரண்டு வாழ்த்துரைகளைச் சேர்க்கச் சொன்னார். நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"பிள்ளையளின்ரை கட்டுரையளை ஏழு ஏழு நிமிசமாக் குறையுங்கோ. அதுகள் சமாளிக்குங்கள்."

என் மாணவி சுகந்தியின் முகம்தான் கண்முன்னால் வந்தது. இரண்டு வருடமாகச் சாவகச்சேரிப் பக்கம் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தவள். அதையெல்லாம் ஏழு நிமிடத்தில் சொல்லென்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

"ஏலாது சேர். பிள்ளையளின்ரை நேரத்திலை கை வைக்க விடமாட்டன்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

"அப்ப ஆற்றை பேச்சை வெட்டுறது? நீங்களே சொல்லுங்கோ." நிகழ்ச்சி நிரலை என் பக்கம் தள்ளினார்.

எல்லாரும் பெரிய ஆட்கள். யாரை வெட்டினாலும் மனக்கசப்பு வரும். மாநாட்டுச் செயலாளரின் வரவேற்புரைக்குப் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தது. செயலாளர் நான். ஒரு மாதமாக எழுதி எழுதித் திருத்திய பேச்சு. பேனையை எடுத்து ஒரே கோட்டில் வெட்டினேன்.

"வரவேற்பையும் உங்கடை தலைமையுரையிலை சேத்துச் சொல்லுங்கோ சேர்."

அவர் நிரலை எடுத்து மடித்துக் கோப்பில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தால், அம்மா பட்டுச்சேலையை எடுத்து வெளியே வைத்திருக்கிறார்.

"மாமியும் வாறாவாம். நீ கதைக்கேக்கை நாங்கள் முன்வரிசையிலை இருக்கலாமோ?"

"ஓம் அம்மா, இருக்கலாம்," என்றேன்.

இருக்கத்தான் போகிறார். சுகந்தி பேசி முடிக்கும்வரை எழும்ப விடமாட்டேன்.